தணிகாசலத்தின் ரத்தம்

டாக்டர் முதலில் அவளைத்தான் பாராட்டினார்.

"சபாஷ்மா. சர்க்கரை நூறுக்குள்ள வந்திருக்கு. இவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீங்க?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் முந்திக்கொண்டார்.

"வாயைக் கட்டிட்டேன் டாக்டர்."

கட்டின வாய்தான் நேற்றுக் காலை தெருமுனைக் கடையில் மெதுவடைகளை முழுங்கிவிட்டு வந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க லேப் பெண் வீட்டில் வந்து காத்திருந்த நேரம் அது.

போன தடவை டாக்டர் எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அடுத்த முறையும் சர்க்கரை இப்படியே நின்றால் தினமும் ஊசிதான் என்று சொல்லி அனுப்பினார். ஊசி என்றால் தணிகாசலத்துக்குக் கை கால் உதறும். ஊருக்குள் நாலு பேர் வணக்கம் வைக்கிற மனிதர்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குழந்தை.

"நீ குடுத்துடு" என்றார் அவளிடம். "உனக்குத்தான் ஒரு எழவும் கிடையாதே."

அவள் கையை நீட்டினாள்.

லேப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் போகவேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி இருந்தன. குப்பியில் தணிகாசலம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளை பெற்றதற்குப் பிறகு அவளுடைய ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கால் வீங்குகிறது, விடிந்ததும் குமட்டுகிறது என்று ஒருமுறை இதே அறையில் ஆரம்பித்தாள். "என் டோக்கன்ல உன் கதை எதுக்கு?" என்றார் தணிகாசலம். டாக்டரும் கூடச் சிரித்தார். அதோடு சரி. நாளெல்லாம் அடுப்படியில் நின்றால் வீங்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார்.

முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இந்தத் தடவை கிட்னிக்கும் சேர்த்து எழுதியிருந்தேன். சார், உங்களுக்குக் கால் வீங்குதா?"

தணிகாசலம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"காலையில குமட்டல் இருக்கா? உடம்பு அரிக்குதா?"

நின்றபடியே அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"மனசைத் திடப்படுத்திக்குங்க சார். ரெண்டு கிட்னியும் முக்காவாசிக்கு மேல போயிடுச்சு. இது வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள நடந்திருக்கு. வெளியில காட்டியிருக்காது."

தணிகாசலத்தின் கை இடுப்புக்குப் போனது. உதடு வெளுத்தது. ஒரு நொடி அவர் செத்தே போனார்.

பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது.

உயிர் திரும்பி வந்து அவர் முகத்தில் உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். பெருமூச்சைக்கூட மறைக்கத் தெரியவில்லை மனுஷனுக்கு.

இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள்.

இது இவளோட ரத்தம் டாக்டர். அவ்வளவுதான். இவ்வளவு நாள் பொங்கிப் போட்டதற்கு அந்த ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்கக் கூடாதா? அவளே சொல்லலாம். சொல்லி, டாக்டர் முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டு, அவர் பின்னாலேயே எந்த வீட்டுக்குப் போவது? அவர் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுக்கு என்ன வழி டாக்டர்?"

"டயாலிசிஸ்ல கொஞ்ச காலம் ஓட்டலாம். மாத்திட்டா நல்லா இருக்கலாம். இப்பல்லாம் வெளியில தேட வேண்டியதில்ல. புருஷனுக்குப் பெண்டாட்டி குடுக்கலாம், பெண்டாட்டிக்குப் புருஷன் குடுக்கலாம்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். குரல் இளகியிருந்தது.

"நீங்க குடுப்பீங்களாம்மா?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"கட்டினவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கிறது?"

கெஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டது என்று அவர் கண் சொன்னது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வேண்டாம் டாக்டர். ஒரு உசுருக்காக இன்னொரு உசுரை அறுக்கிற பாவம் எனக்கு வேண்டாம். மாத்திரை மருந்துல எவ்வளவு தூரம் ஓடுதோ ஓடட்டும். அப்புறம் ஆண்டவன் விட்ட வழி."

கதவோரம் நின்ற நர்ஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து வந்து தணிகாசலத்தின் தோளைத் தொட்டார்.

"இந்தக் காலத்துல யாரு சார் இப்படி நினைக்கிறாங்க!" என்றார். அவளைப் பார்த்துச் சொன்னார்: "குடுத்து வச்சவங்கம்மா நீங்க."

தணிகாசலம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.