ஒட்டுச் சோப்பு

தேய்ந்துபோன சோப்பை எறிய மனம் வராது பேச்சித்தாய்க்கு. ஈரத்தோடு புதுச் சோப்பின் முதுகில் அழுத்தி ஒட்டிவிடுவாள். "இதுல மிச்சம் பிடிச்சுத்தான் மாடி கட்டப் போறியாக்கும்?" என்று கேலி செய்வான் அவள் புருஷன் திரவியம். வீட்டு வேலைக்காக அவள் குவைத்துக்குப் போன அன்று, அவள் தேய்த்துக் குளித்த ரோஜா நிறச் சோப்பு குளியலறையில் இலைபோல் மெலிந்து கிடந்தது. அதை ஒரு பச்சைச் சோப்பின் மேல் அவனே ஒட்டினான். அன்றிலிருந்து பச்சைப் பக்கத்தை மட்டுமே தேய்த்துக் குளிக்கிறான். பச்சை கரைந்ததும் இன்னொன்று வாங்கி ஒட்டிக்கொள்கிறான்.

"ஏங்க, செலவெல்லாம் கட்டுக்குள்ள இருக்கா?" என்று போனில் கேட்டாள் பேச்சித்தாய்.

"எங்க! சோப்புல மட்டுந்தான் மிச்சம் பிடிக்கேன்" என்றான்.

அவள் சிரித்தாள். அப்புறமும் இருவருமே போனை வைக்கவில்லை.