சமபலம்

"கடற்படை கவுந்துடுச்சு, டீச்சர். மன்னிக்கணும்."

சொதிக் கிண்ணத்தைக் கப்பலாக்கி மேசையின் வடக்குக் கோடிக்கு ஓட்டிப்போன சிரில், அதை ஜோசஃபினின் இளநீலச் சேலையில் கரைசேர்த்திருந்தார். தேங்காய்ப்பால் குழம்பு மஞ்சளாக மடிப்பு மடிப்பாய் இறங்கியது.

பிரேசர் டவுனில் வாசல் அறையில் மேசை போட்டு இடியப்பம் விற்கும் ஜோசஃபின், யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் இறந்தபின், சண்டை தெருவுக்கே வந்த வருஷத்தில் படகேறிவிட்டார். தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்கும் சிரில், ஐம்பது வயது பிரம்மச்சாரி. துப்பாக்கி என்று அவர் தொட்டது பொருட்காட்சியில் பலூன் சுட்டபோதுதான்.

ஆனாலும் காலையில் இடியப்பம் வந்துவிட்டால் அவர் தளபதி. கையில் கன்னடப் பேப்பர். ஜோசஃபினுக்குக் கன்னடத்தில் காய்கறி விலை கேட்கத் தெரியும், எழுத்து தெரியாது. ஆகவே சிரில்தான் படித்துத் தமிழில் சொல்வார். ராணுவத்துக்குப் புது விமானம் வந்திருக்கிறது என்பார். உடனே, புலிகளுக்குக் காடு மனப்பாடம் என்று எதிர்த்தட்டில் வைப்பார். அந்தப் பக்கம் ஆள் கூடினால் இந்தப் பக்கம் பீரங்கி கூடும். கமர்ஷியல் தெரு நகைக்கடைத் தராசுகூட அவ்வளவு சமமாய் நின்றதில்லை.

காரணம் இருந்தது. ஒரு தட்டு தாழ்ந்தால் சண்டை முடியும். சண்டை முடிந்தால் டீச்சர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். இப்படி நினைப்பது பாவம் என்று சிரிலுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் உலக சமாதானத்துக்காக மன்றாடும்போது அவருக்கு மட்டும் இருமல் வந்துவிடும்.

சண்டை நின்றால் போய்விடுவீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஜோசஃபின் நேராகப் பதில் சொன்னதே இல்லை. இன்னொரு இடியப்பம் வைப்பார், அல்லது சம்பலில் உப்புச் சரியா என்பார்.

இன்றைக்குச் சேலையைத் துடைத்துக்கொண்டே அவராகவே கேட்டார்.

"அப்ப ஆர்தான் வெல்லுவினம்?"

சிரில் பேப்பரை விரித்தார். "ரெண்டு பக்கமும் சமபலம், டீச்சர். இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் ஜெயிக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கான்."

அடுத்த மேசை கிளாரன்ஸ் தலையை நீட்டினான். "இதுல எங்கண்ணே அப்படிப் போட்டிருக்கான்?"

"உன் கன்னடம் பத்தாது. நீ தின்னு."

ஜோசஃபின் சிரிக்கவில்லை. "பத்து வருஷமோ?"

"குறைஞ்சது." சேலையைக் கெடுத்தாகிவிட்டது, இனிக் கெட என்ன இருக்கிறது என்று சிரிலுக்கு ஒரு துணிச்சல் வந்தது. "ஒருவேளை நின்னுட்டா போயிடுவீங்களா, டீச்சர்? இன்னைக்காவது சொல்லிடுங்க. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

ஜோசஃபின் அவர் கையிலிருந்த பேப்பரை வாங்கினார். நாலாய் மடித்து, மேசையில் சிந்திக் கிடந்த சொதிமேல் போட்டு அழுத்தித் துடைத்தார்.

"சண்டை நிண்டு மூண்டு மாசமாச்சு, மிஸ்டர் சிரில். கொழும்பிலை இருக்கிற என்ரை தங்கச்சி பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போய் எங்கட வீட்டையும் பாத்திட்டு வந்திட்டாள். நான் இன்னும் இஞ்சைதானே இடியப்பம் அவிக்கிறன்."