அன்னாசிப் பழத்தில் ஒரு நண்டு

“ஏளா அனுசியா, காரியத்தையே கெடுத்துட்டியேளா!”

கிருபை டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. ஒண்ணாம் வகுப்புக் குட்டிகள் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்காக, பதினொண்ணாம் வகுப்பு அனுசியா தானே அட்டைகள் செய்துகொண்டு வந்திருந்தாள். தருவைகுளத்துக் கடற்கரையில் கிடந்த கிழிசல் வலையிலிருந்து தடித்த நைலான் நரம்பாகப் பார்த்து உருவி, வளைத்து, பசை தடவி ஒட்டிய உருவங்கள். நரம்போ கண்ணாடி மாதிரி. விரலுக்குத் தப்பாது, கண்ணுக்குத் தட்டுப்படாது.

டீச்சர் விரலை ஓட்டினால், அச்சு அசல் நண்டு. கண்ணால் பார்த்தால், அட்டைக்காக வெட்டிய பழைய காலண்டரில் அச்சான அன்னாசிப் பழம்!

“பின்பக்கம் வெள்ளையாத்தானே கெடக்கு? அதுல ஒட்டப்படாதா?”

“எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே கலர்தானே டீச்சர்,” என்றாள் அனுசியா, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

வேறு அட்டை செய்ய நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

வந்தவர் பள்ளிக் கமிட்டித் தலைவர் லிங்கராஜ் அண்ணாச்சி. போன ஆண்டு விழாவில் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, அட்டைகளில் கைவைத்த உடனே டாண் டாண் என்று பெயர் சொன்னவர். கைதட்டல் ஓய்ந்த கையோடு, “இம்புட்டு லேசான சங்கதிக்கு வாரத்துக்கு நாலு பீரியடு எதுக்கு? ரெண்டு போதும்” என்று வெட்டிவிட்டார். இந்த வருஷம் மிச்ச ரெண்டும் போகப் போகிறது என்று பேச்சு. போய்விட்டால் குட்டிகளுக்கு நண்டு என்பது வெறும் சொல்தான்.

“‘ஏ... இதெல்லாம் ஒரு வித்தையாய்யா?’”

அண்ணாச்சியின் கரகரப்பு, இருமல் எல்லாம் அப்படியே அனுசியா தொண்டையிலிருந்து வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

“சும்மா இருளா! அவரு மேடைக்கு வாராரு.”

இந்த ஆண்டு விழாவிலும் கண்ணில் துண்டு கட்டியாயிற்று. அண்ணாச்சி தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்குக்குக் கீழே அட்டையைப் பிடித்து, தடவு தடவென்று தடவினார்.

“முள்ளு முள்ளா இருக்கு... உச்சியில கொண்டை... ஆங், அன்னாசிப் பழம்!”

கூட்டம் கைதட்டியது. தட்டப் போன டீச்சரின் கை பாதியில் நின்றது.

மெல்ல அட்டையை வாங்கி, ஒண்ணாம் வகுப்பு இசக்கிசெல்வியிடம் நீட்டினார். சின்ன விரல் ஒரு சுற்றுச் சுற்றியது.

“நண்டு! இந்தா இருக்கு கொடுக்கு!”

“எங்க, எங்கிட்ட தா... ஆமா, நண்டுதான்!” என்றது அடுத்த குட்டி.

அண்ணாச்சி துண்டை உருவிப் போட்டார். “நண்டாவது ஓடாவது! நல்லாப் பாருங்க. மஞ்சளா, பச்சைக் கொண்டையோட அன்னாசிப் பழம்லா இருக்கு!”

“அது படம் அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “கண்ணுக்குத்தான் தெரியும். கண்ணைக் கட்டியிருந்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கடைசி வரிசையில் யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

அண்ணாச்சி அதே துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். “சரி, சரி... கஷ்டமான பாடம்தான் போல. பழையபடி நாலு பீரியடே நடக்கட்டும்.”

விழா முடிந்ததும் டீச்சர் அனுசியாவைக் கட்டிக்கொண்டார். “தெரியாம நீ செஞ்ச தப்புதாம்ளா இன்னைக்கு நம்மளக் காப்பாத்துச்சு!”

“தப்பா?” அனுசியா விலகி நிமிர்ந்து நின்றாள். “போன வருஷம் அவரு விரலு அட்டையில உரசுற சத்தம் கேக்கதுக்கு முந்தியே பதில் வந்துட்டு டீச்சர். அப்பவே பிடிச்சிட்டேன். காலண்டர்ல படம் இருக்க பக்கம் வழவழன்னு இருக்கும், வெத்துப் பக்கம் சொரசொரங்கும். இதுகூட என் விரலுக்குத் தெரியலேன்னா, நீங்க எனக்குப் பாடம் எடுத்ததுக்கு என்ன அர்த்தம்?”