இங்கிலீஷ் மட்டும்

பிலிப்பைன்ஸின் செபு நகர கால் சென்டரின் சின்ன அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மேலாளர் மிலாக்ரோஸ், அடுத்த வாரம் டீம் லீடர் ஆகவிருந்த ரோடெல், ஆங்கிலத்தில் எழுவாய்க்கேற்ற வினையை அவனிடம் கற்றுத் தேறிய மேரிசெல்.

“உள்ள இங்கிலீஷ் மட்டுந்தான் பேசணும். நீ தினமும் பிசாயா பேசியிருக்க,” என்றார் மிலாக்ரோஸ்.

“இவளுக்கு இலக்கணம் புரியட்டும்னுதான் மேடம் நம்ம பாஷையில சொன்னேன். நீயே சொல்லு, மேரிசெல்.”

மேரிசெல் நகத்தைப் பார்த்தாள்.

“புகார் குடுத்ததே அவதான்,” என்று மிலாக்ரோஸ் ஒரு தாளை நீட்டினார். “இங்கிலீஷ்ல ஒரு பிழைகூட இல்ல. படிச்சுட்டுக் கிளம்பு, உனக்கு இனிமே இங்க வேலை இல்ல.”

ரோடெல் படித்தான். ‘அவன் விதியை மதிப்பதில்லை. அவன் பேச்சு எங்களைக் கெடுக்கிறது.’ பயிற்சி வாக்கியம் என்று தினம் ஒன்றாக அவள் கொண்டுவந்தவை. எல்லாம் அவன் திருத்தியவை.

“தப்பா நினைக்காதீங்க அண்ணே. இருக்கறது ஒரு டீம் லீடர் பதவிதானே,” என்றாள் மேரிசெல்.

காவலாளி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினான்.