வெட்ட முடியாத கை

அருங்காட்சியகத்தின் ரோமானியக் கூடத்தில் எத்தனையோ ராஜாக்கள் முழு முகத்தோடு நின்றார்கள். கூட்டமோ முகமில்லாத ஒருவன் முன்னால்தான் மொய்த்திருந்தது. அரச குடும்பத்தைச் செதுக்கிய கல் அது. அப்பா, அம்மா, மூத்த மகன் மூவரும் அப்படியே இருக்க, இளையவனின் முகத்தை மட்டும் உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். அம்மாவின் தோளில் அவன் வைத்த கை மிச்சமிருந்தது.

"அண்ணன்காரன் தம்பியைக் கொன்னுட்டு, அவன் முகமே எங்கயும் இருக்கக் கூடாதுன்னு கொத்தச் சொல்லிட்டானாம்மா," என்று இலஞ்சியத்தின் மகள் பலகையைப் படித்துச் சொன்னாள்.

இலஞ்சியம் அருகில் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். கருமாதி முடிந்த கையோடு, "எங்கண்ணனை முழுங்கினவ" என்று கல்யாணப் படத்திலிருந்து இலஞ்சியத்தைக் கத்தரித்தெறிந்துவிட்டு, மீதியைத் தன் வீட்டு ஹாலில் மாட்டியவள் இந்த மரகதம். அண்ணனின் விரல்கள் போய்விடுமே என்று, அவன் பிடித்திருந்த கையை மட்டும் அவளால் வெட்ட முடியவில்லை. வளையல் போட்ட அந்தக் கை, ஆளில்லாமல், இன்னும் அவன் கைக்குள்ளேயே இருக்கிறது.

மரகதம் கல்லில் இருந்த கையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போனதும் அந்தப் படத்தைக் கழட்டிடறேன் அண்ணி."

"எதுக்கு? இருக்கட்டும்," என்று இலஞ்சியம் அவள் தோளில் கைவைத்தாள். "இது யாரு கைன்னு வர்றவங்கல்லாம் உன்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

வைத்த கையை அவள் எடுக்கவில்லை.