அவனுடைய வரிகள்

நாடகத்தின் கடைசிப் பாட்டு இரண்டு பேர் பாட வேண்டியது. ஆனால் கடலுக்குப் போன காதலன் திரும்பவில்லை. நாயகி தன் வரிகளை மட்டும் பாடினாள். அவன் வரிகள் வரும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே இருந்தது.

"அந்த எடத்துல ஒரு வயலினாச்சும் வாசிச்சிருக்கலாம்," என்றான் ஜோஷ்வா, நாடகம் பார்த்துத் திரும்பி வரும் பேருந்தில்.

"போடா, அவளுக்குத்தான் கேட்டுச்சே," என்று மூக்கை உறிஞ்சினாள் பர்வீன்.

மிருதுளா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அவள் மடியில் ஏறி இறங்கிப் போயின.

வீட்டில் அப்பா குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அம்மா இறந்த பிறகு சமையல் அவருடையதுதான். கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "உப்பு போதுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். எப்போதும் மிருதுளா, "யார்கிட்டப்பா பேசறீங்க?" என்று குறுக்கே புகுவாள். அவர் திடுக்கிட்டுச் சிரித்து மழுப்புவார்.

இன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். குழம்பு கொதித்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, "சரி, சரி, போடறேன்" என்று இன்னொரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டார்.