கோட்டைக்கு வழி

இடிந்த கோட்டை ஒன்றில் குரங்குகள் குடியிருந்தன. வெளியூர் விலங்குகளை அங்கே வரவழைத்தே தீருவது என்று தலைவி செம்பட்டை கங்கணம் கட்டிக்கொண்டாள்.

“முதல்ல ஊர் எல்லையில ஒரு வரவேற்பு வளைவு வேணும்.”

“கல்லுக்கு எங்கே போறது?” என்றது கோட்டை மாடத்து ஆந்தை.

“இவ்வளவு பெரிய கோட்டையில நாலு கல்லை எடுத்தா என்ன குறைஞ்சிடும்?”

வளைவு எழும்பியது. அடுத்து டிக்கெட் கவுண்டர், அப்புறம் வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சுகள். எல்லாவற்றுக்கும் கோட்டையிலிருந்தே கல் வந்தது. ஆந்தை கத்திப் பார்த்தது.

“ஊர் முன்னேறினா உனக்கு ஏன் வயிறு எரியுது?” என்று செம்பட்டை அதன் வாயை அடைத்தாள். மாடமும் போனதும் ஆந்தை பக்கத்து மரத்துக்குக் குடிபோனது.

திறப்பு விழாவன்று ஓர் ஆட்டுக் குடும்பம் வந்தது. வளைவுக்குள் நுழைந்து, டிக்கெட் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறியது. பிறகு தாய் ஆடு கேட்டது:

“கோட்டைக்கு எப்படிப் போகணும்?”

“எங்கேயும் போக வேண்டாம்மா,” என்றது மரத்திலிருந்த ஆந்தை. “அதுமேலதான் உட்கார்ந்திருக்கீங்க.”

செம்பட்டை கொஞ்சமும் அசரவில்லை.

“கடப்பாரையைக் கொண்டாங்கடா! ஒரு கோட்டை கட்டிடுவோம். முதல்ல அந்த வளைவைப் பிரிங்க!”